கராத்தே வளர்த்த பள்ளி ஆசிரியர்



நம் பாயான் பாரு வட்டாரத்தில் மாலை வேளைகளில் வெள்ளைச் சீருடை அணிந்து, இடுப்பில் வண்ணப் பட்டை கட்டிக்கொண்டு கராத்தே பயிற்சிக்குச் செல்லும் சிறுவர் சிறுமியரை நீங்கள் கண்டிருப்பீர்கள். உங்களுள் சிலரும் அக்கலையைப் பயின்று வரலாம். பலகையை உடைப்பதும், ஓட்டைப் பிளப்பதும், பத்துப் பேரைத் தனியொருவராக அடித்து வீழ்த்துவதுமே கராத்தே என்று எண்ணுவோர் பலர். திரைப்படங்கள் அவ்வாறு எண்ணச் செய்துவிட்டன.

ஆனால் அக்கலையை உலகறியச் செய்த பெரியார் போர்வீரரும் அல்லர், செல்வந்தரும் அல்லர். அவர் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர். பிறந்தபோது பிழைப்பாரோ மாட்டாரோ என்று உற்றார் கலங்கிய நோஞ்சான் குழந்தை. அக்குழந்தை 88 ஆண்டுகள் வாழ்ந்தது. அவற்றுள் எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஒரே கலையை இடைவிடாது பயின்றது. அப்பெரியாரின் பெயர் கிச்சின் புனாகோஷி. அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

நோயுற்ற குழந்தை

ஜப்பான் நாட்டின் தென்பகுதியில் ஓக்கினாவா என்னும் தீவு உள்ளது. முற்காலத்தில் அது ரியூக்கியூ என்னும் தனியரசின் தலைமைத் தீவாக விளங்கிற்று. கடல் வாணிகத்தில் சிறந்த அவ்வரசின் மரக்கலங்கள் 15-ஆம் நூற்றாண்டில் நம் மலாக்காத் துறைமுகத்துக்கும் வந்து சென்றன. 1609-ஆம் ஆண்டில் ஜப்பானிய சிற்றரசு ஒன்று படையெடுத்து அத்தீவைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 1879-இல் ரியூக்கியூ அரசு அடியோடு நீக்கப்பட்டு, ஓக்கினாவா ஜப்பானின் ஒரு மாநிலமாயிற்று.

ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடு இருந்த அத்தீவில், ஆயுதமின்றித் தற்காக்கும் கலை ஒன்று வளர்ந்தது. தீவினரின் பழைய கைப்போர் முறையும் சீனத்திலிருந்து வந்த முட்டிப் போர் முறையும் கலந்து உருவான கலை அது. கையே வாள், காலே ஈட்டி என்னும்படி உடலையே கருவியாக்கிக்கொள்ளும் அக்கலையே பின்னாளில் கராத்தே எனப் பெயர் பெற்றது.

ஓக்கினாவாவின் பழைய தலைநகரான ஷூரியில், 1868-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் புனாகோஷி பிறந்தார். குறைமாதப் பிள்ளையாகப் பிறந்த அவர் அடிக்கடி நோயுற்றார். நெடுநாள் வாழமாட்டார் என்றே பலரும் கருதினர். பெற்றோருக்கு அவர் ஒரே மகன். தாய்வழித் தாத்தா பாட்டியே அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணி வளர்த்தனர். தாத்தா கற்றறிந்தவர், பேரனுக்குச் சீன அறநூல்களைக் கற்பித்தார்.

அவருடைய தந்தை கம்பு சுற்றுவதில் வல்லவர். நம் சிலம்பத்தைப் போன்றதொரு கோலாட்டப் போர்க்கலை அங்கும் உண்டு. ஆனால் தந்தையிடம் குடிப்பழக்கமும் இருந்தது. குடும்பச் சொத்து அதில் கரைந்தது. வறுமை என்பது புனாகோஷிக்குச் சிறு வயதிலேயே அறிமுகமாயிற்று.

விளக்கொளியில் கற்ற கலை

பள்ளியில் அவருக்கு ஒரு தோழன் வாய்த்தான். அவனுடைய தந்தையார் அசாத்தோ, ஓக்கினாவாவின் தலைசிறந்த கராத்தே ஆசான்களுள் ஒருவர். அவரிடம் மெலிந்த சிறுவனான புனாகோஷி பாடம் கேட்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் உடல் தேறிற்று. நோய் விலகிற்று. தம்மை வாழவைத்த கலைக்கே தம் வாழ்வைத் தந்துவிடுவது என்று அவர் உறுதி பூண்டார்.

அந்நாளில் கராத்தேயை வெளிப்படையாகப் பயிலும் வழக்கம் இல்லை. இரவில், ஊரடங்கிய பின்னரே பயிற்சி நடைபெறும். புனாகோஷி கையில் சிறு விளக்கை ஏந்தி, இருட்டுப் பாதையில் நடந்து ஆசானின் இல்லம் சேர்வார். விடியும் வேளையில் வீடு திரும்புவார். இவன் இரவெல்லாம் எங்கே போகிறான் என்று அண்டை அயலார் ஏதேதோ பேசிக்கொண்டனர். அவர் எவருக்கும் விடை கூறவில்லை.

பயிற்சி எவ்வாறு இருந்தது என்று அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள். கராத்தேயில் தாக்குதலும் தடுத்தலும் ஒழுங்காகக் கோக்கப்பட்ட பயிற்சி வரிசை ஒன்றுக்குக் கட்டா என்று பெயர். அசாத்தோ தம் மாணவர் ஒரு கட்டாவை முற்றும் கைவரப் பெறும்வரை அடுத்ததைக் கற்பிக்கவே மாட்டார். திண்ணையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். மாணவர் முற்றத்தில் ஆடுவார். மீண்டும் செய் என்பதைத் தவிர ஆசானின் வாயிலிருந்து பெரும்பாலும் வேறு சொல் வாராது. ஒரே கட்டா, நாள்தோறும், திங்கள்தோறும் தொடரும். மூன்று கட்டாக்களைக் கற்க அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின!

சலிப்பு வாராமலா இருந்திருக்கும்? வந்தது. அவமானமாகவும் இருந்தது. எனினும் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. ஒரு வாய்பாட்டைப் பத்து முறை எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் நாம், இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அசாத்தோவின் நண்பரான இத்தோசு என்னும் மற்றோர் ஆசானும் அவருக்குக் கற்பித்தார். அவ்விருவரையும் புனாகோஷி தம் வாழ்நாள் முழுவதும் தெய்வமாகப் போற்றினார்.

குடுமி போயிற்று, பணி வந்தது

இளமையில் புனாகோஷி மருத்துவராக விரும்பினார். ஆனால் அக்காலத்தில் ஜப்பானிய அரசு பழைய வழக்கமான குடுமியை நீக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தது. ஓக்கினாவாவின் பழங்குடும்பங்கள் குடுமியைத் தம் மானத்தின் சின்னமாகக் கருதின. புனாகோஷியின் குடும்பமும் அவ்வாறே கருதிற்று. குடுமியோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய இயலாது. ஆகவே அந்தக் கனவு நிறைவேறவில்லை.

பின்னர், 1888-ஆம் ஆண்டளவில் அவர் தொடக்கப்பள்ளியில் துணையாசிரியராகச் சேர்ந்தார். அதற்கும் குடுமியைக் களைந்தே ஆக வேண்டியிருந்தது. இம்முறை அவர் துணிந்துவிட்டார். குடுமியில்லாத் தலையோடு வீடு சென்ற மகனைக் கண்டு தந்தை சினந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாயோ கண்கலங்கிப் பின்வாயில் வழியாகத் தம் பிறந்தகத்துக்கே ஓடிவிட்டார். அவர் தேர்ந்தெடுத்த ஆசிரியப் பணியோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

அவருடைய தொடக்கச் சம்பளம் திங்களுக்கு 3 யென். அதைக் கொண்டு பத்துப் பேர் அடங்கிய குடும்பத்தைக் காக்க வேண்டும். அவருடைய துணைவியார் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு காய்கறித் தோட்டத்தில் பாடுபட்டார். இரவில் துணி நெய்தார். கைக்குழந்தையைத் துணியில் ஏந்தி, விடியுமுன் பால் மரம் சீவச் சென்ற நம் தோட்டத்துத் தாய்மார்களை இக்காட்சி நினைவூட்டவில்லையா? அவ்வளவு உழைப்புக்கிடையிலும் அவ்வம்மையார் கணவர் செய்யும் கராத்தேயைப் பார்த்துத் தாமும் பயின்றார். உடல் களைத்தபோது கட்டா செய்து களைப்பு நீக்கினார். அயலில் குடித்துவிட்டுச் சண்டையிடுவோரை விலக்கிவிடுவதிலும் வல்லவராக விளங்கினார்.

ஒருமுறை அத்தீவைக் கடும் புயல் தாக்கிற்று. மக்கள் கதவடைத்து ஒடுங்கியிருந்தனர். புனாகோஷியோ கூரைமேல் ஏறி, ஒரு பாயைக் கேடயம்போல் ஏந்தி, குதிரைமேல் அமர்ந்ததுபோன்ற கராத்தே நிலையில் காற்றை எதிர்த்து நின்றார். காற்று அவரைக் கீழே தள்ளும்; சேற்றை வழித்துவிட்டு மீண்டும் ஏறுவார். கால் ஊன்றி நிற்கும் ஆற்றலைப் புயலிடமே சோதித்துப் பார்த்தார்! மாணவர்களே, இதனை நீங்கள் ஒருபோதும் செய்து பார்த்தல் ஆகாது. ஆனால் அந்த ஊக்கத்தைப் பின்பற்றலாம்.

தொலைத்தீவுப் பள்ளிக்குச் சென்றால் பதவி உயர்வு உண்டு என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அங்குச் சென்றால் ஆசான்களைப் பிரிய நேரிடும். ஆதலால் அவர் உயர்வை மறுத்துச் சிறு சம்பளத்தோடே இருந்துவிட்டார்.

வழிமறித்த திருடர்

அவருடைய இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை இங்குக் கூறுதல் வேண்டும். முன்னோருக்குப் படைப்பதற்காக இனிப்புப் பணியாரங்களை எடுத்துக்கொண்டு ஓரிரவு அவர் பைன் மரக் காட்டு வழியே நடந்து சென்றார். முகத்தை மூடிய இரு முரடர்கள் வழி மறித்தனர். அவர்களுள் ஒருவன் கையில் தடி இருந்தது. புனாகோஷி நினைத்திருந்தால் அவ்விருவரையும் நொடியில் வீழ்த்தியிருக்கலாம். ஆனால் அவர் கையேந்தவும் இல்லை, கையோங்கவும் இல்லை. தம்மிடம் பணமில்லை என்று அமைதியாகக் கூறி, பணியாரப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் ஆசான்களிடம் இதனைத் தெரிவித்தார். கோழை என்று இகழ்வார்களோ என்னும் அச்சமும் அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் அவர்களோ மனம் மகிழ்ந்தனர். இப்போதுதான் கராத்தே அவருக்குச் சித்திக்கத் தொடங்கியிருக்கிறது என்று பாராட்டினர். படையலுக்குப் பணியாரம் இல்லையே, என்ன செய்தாய் என்று அசாத்தோ வினவினார். மனத்தால் வணங்கினேன் என்று மாணவர் விடை கூறியதும், அதுவே உண்மையான படையல் என ஆசான் அமைந்தார்.

பொறையுடைமை என்று ஓர் அதிகாரத்தையே வகுத்தளித்த வள்ளுவர் வழியில் வந்த நமக்கு இந்நிகழ்ச்சியின் பொருள் எளிதில் விளங்கும். வலிமையற்றவன் பொறுத்துப் போவது இயல்பு. வெல்ல வல்லவன் பொறுத்துப் போவதே பெருமை. இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனைப் போன்ற மற்றொன்று அவருடைய முதுமையிலும் நேர்ந்தது.

தோக்கியோ நகரில்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோசுவின் முயற்சியால் கராத்தே ஓக்கினாவாவின் பள்ளிகளில் உடற்பயிற்சியாக இடம்பெற்றது. இருட்டில் மறைந்திருந்த கலை பள்ளித் திடலுக்கு வந்தது. 1921-இல் ஜப்பானிய இளவரசர் ஹிரோஹித்தோ அத்தீவுக்கு வருகை தந்தபோது, ஷூரி அரண்மனையில் நடைபெற்ற கராத்தே நிகழ்ச்சிக்குப் புனாகோஷியே பொறுப்பேற்றார்.

மறு ஆண்டு, 1922-ஆம் ஆண்டு மே திங்களில், தோக்கியோவில் நடைபெற்ற உடற்பயிற்சிக் கண்காட்சியில் கராத்தேயை அறிமுகம் செய்ய அவர் சென்றார். சில நாளில் திரும்பிவிடுவதே அவருடைய எண்ணம். ஆனால் ஜூடோவை நிறுவிய புகழ்பெற்ற ஜிகோரோ கானோ தம் பயிற்சிக்கூடத்திலும் அதனைச் செய்து காட்ட அழைத்தார். மேலும் பலர் கற்றுத்தருமாறு வேண்டினர். ஊர் திரும்பினால் தம் குடும்பத்தோடு இன்புற்றிருக்கலாம். தங்கினால் கலை வளரும். அவர் தங்கினார். அப்போது அவருக்கு வயது 53.

பணி ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி மகிழும் பருவத்தில், அவர் அந்நிய நகரில் தன்னந்தனியாய்ப் புதுவாழ்வு தொடங்கினார். ஓக்கினாவா மாணவர் தங்கும் விடுதியில் ஒரு சிற்றறை கிடைத்தது. வாடகைக்கு ஈடாக அவர் விடுதிக் காவலாளியாகவும் துப்புரவாளராகவும் பணி செய்தார். அறைகளைக் கூட்டினார், தோட்டத்தைப் பெருக்கினார். விடுதிச் சமையற்காரருக்குக் கராத்தே கற்றுக் கொடுத்து, உணவுச் செலவில் சிறிது குறைத்துக்கொண்டார். கையில் காசில்லாதபோது தொப்பியையும் உடையையும் அடகு வைத்தார்.

ஒருநாள் செய்தியாளர் ஒருவர் விடுதிக்கு வந்தார். தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவரிடம் கராத்தே ஆசான் எங்கே என்று கேட்டார். முதியவர் மரியாதையுடன் அவரை அமரச் செய்துவிட்டு மறைந்தார். சற்று நேரத்தில் சிறப்புடை அணிந்து வந்து, தாமே புனாகோஷி என்று வணங்கினார். செய்தியாளர் வாயடைத்துப் போனார்! துடைப்பம் பிடித்த கையை அவர் என்றும் இழிவாக எண்ணியதில்லை.

1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கிற்று. அவர் முந்திய ஆண்டில் எழுதி வெளியிட்ட முதல் கராத்தே நூலின் அச்சுத் தகடுகள் தீக்கிரையாயின. மாணவர் பலர் மாண்டனர். பிழைத்தவரோடு சேர்ந்து அவர் அடிபட்டோருக்குத் தொண்டு செய்தார். பின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

வெறுங்கை

1924-இல் தோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் அமைந்தது. மற்றப் பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. அவ்வாண்டிலேயே புனாகோஷி தம் மாணவர் சிலருக்குக் கறுப்புப் பட்டை வழங்கினார். ஜூடோவில் கானோ வகுத்திருந்த முறையைப் பார்த்துக் கராத்தேயில் அவர் கையாண்ட ஏற்பாடு அது. மாணவர்களே, நீங்கள் இடுப்பில் கட்டும் பட்டைக்கும் அணியும் வெள்ளை உடைக்கும் பின்னால் உள்ள வரலாறு இதுவே.

முன்னர்க் கராத்தே என்னும் சொல் சீனக் கை எனப் பொருள்படும் எழுத்தால் எழுதப்பட்டது. அதே ஒலி கொண்ட வேறோர் எழுத்தை இட்டு, வெறுங்கை என்னும் பொருளை அவர் நிலைநாட்டினார். ஆயுதமில்லாத கை என்பது மேற்போக்கான பொருள். ஆணவமும் பொறாமையும் பகையும் நீங்கி வெறுமையான உள்ளம் என்பதே அவர் கொண்ட உட்பொருள். பயிற்சி வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிய வேண்டும் என்றும், கராத்தே பயின்றவர் முதலில் கை நீட்டுதல் ஆகாது என்றும் அவர் ஓயாது போதித்தார்.

அவர் கவிதை எழுதுவதிலும் நாட்டமுடையவர். இளமையில் ஷூரி நகரையொட்டிய குன்றில் நிலவொளியில் உலவும்போது பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலையோசையைக் கேட்டு மகிழ்வார். அவ்வோசையைக் குறிக்கும் ஷோத்தோ என்னும் சொல்லையே தம் புனைபெயராகக் கொண்டார். 1930-களின் பிற்பாதியில், மாணவர்கள் பொருள் திரட்டித் தோக்கியோவில் அவருக்கென ஒரு பயிற்சிக்கூடம் எழுப்பினர். அதற்கு ஷோத்தோகான், அதாவது ஷோத்தோவின் இல்லம் என்று பெயரிட்டனர். எழுபதை நெருங்கிய ஆசான் முதன்முதலாகத் தமக்கென அமைந்த கூடத்தின் வாயிலில் நின்று, மறைந்த தம் ஆசான்களை நினைந்து உருகினார்.

போரின் கொடுமை

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டது.

அப்போரை நாம் மறக்க இயலாது. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் நம் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன. கடைத்தெருவில் நின்ற மக்கள் மாண்டனர். அடுத்து வந்த மூன்றரை ஆண்டுகளை நம் பெரியோர் ஜப்பான் காலம் என்று இன்றும் பெருமூச்சோடு குறிப்பிடுவர். அரிசிக்கு மாறாக மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் காத்தனர். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாலும் பசியாலும் அங்கேயே மடிந்தவர் எண்ணற்றோர். அப்பாவையோ தாத்தாவையோ அங்கு இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அத்தகைய துயரைத் தந்த நாட்டின் கலையை நம் பிள்ளைகள் கற்கலாமா என்று ஒரு மூதாட்டி கேட்டால், அக்கேள்வியில் நியாயம் உண்டு.

அதற்கு விடை காணப் புனாகோஷிக்கு நேர்ந்தவற்றைப் பார்ப்போம். அவர் போரை எதிர்த்துப் போராடிய தலைவர் அல்லர். தம் நாட்டுப் பற்றுடைய சாதாரண ஆசிரியர். அவரிடம் பயின்ற இளைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டனர். விடைபெற வந்தவர்களை வாழ்த்தி அனுப்பினார். பலர் திரும்பவே இல்லை. 1945-இல் அமெரிக்க விமானத் தாக்குதலில் ஷோத்தோகான் எரிந்து சாம்பலாயிற்று. அதே ஆண்டில், தமக்குப் பின் கலையைக் காப்பான் என்று அவர் நம்பியிருந்த மகன் கிகோ காசநோயால் இறந்தார். ஓக்கினாவாவில் நடந்த பெரும்போரில் ஷூரி அரண்மனை தரைமட்டமாயிற்று. அத்தீவின் மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. போரைத் தொடங்கியோர் செய்த பிழைக்கு, இருபுறத்து எளிய மக்களும் உயிரை விலையாகக் கொடுத்தனர்.

முன்னோரின் கல்லறைகளைப் பராமரிக்கும் கடமையை விட்டு வர மனமின்றி, அவருடைய துணைவியார் இத்தனை ஆண்டுகளும் ஓக்கினாவாவிலேயே தங்கியிருந்தார். போரினால் ஊரைவிட்டு வெளியேறி, கியூஷூ தீவிலுள்ள ஓயித்தாவை வந்தடைந்தார். புனாகோஷி அங்குச் சென்று அவரோடு சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருந்த முதிய தம்பதியர் கடற்பாசி பொறுக்கியும் காய்கறி பயிரிட்டும் வயிறு கழுவினர். 1947-இல் அவ்வம்மையாரும் கண் மூடினார்.

மகன் இல்லை, மனைவி இல்லை, கூடம் இல்லை, பிறந்த ஊரும் பாழ். 79 வயதை நெருங்கிய முதியவர், மனைவியின் சாம்பலோடு தோக்கியோ செல்லும் இரயில் வண்டியில் ஏறினார். வழியிலிருந்த நிலையங்களில் அவருடைய பழைய மாணவர்கள் காத்திருந்து, தலை தாழ்த்தி வணங்கி ஆறுதல் கூறினர். அவர் கட்டிய கூடம் எரிந்துவிட்டாலும், அவர் உருவாக்கிய மனிதர்கள் இருந்தார்கள்.

மீண்டும் எழுந்தார்

தோக்கியோ திரும்பிய புனாகோஷி வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிடவில்லை. மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். 1949-இல் ஜப்பான் கராத்தே சங்கம் அமைந்தபோது அவரே அதன் மதிப்புறு தலைவரானார். எண்பது வயதைக் கடந்தும் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று இளைஞர்களுக்குக் கட்டா செய்து காட்டினார். அமெரிக்க விமானப் படையினர் 1950-களில் ஜப்பானுக்கு வந்து கராத்தே பயின்றனர்; கற்பித்தவர்களுள் அவருடைய மாணவர்களும் இருந்தனர். எந்தப் படையின் குண்டுகள் அவருடைய கூடத்தை எரித்தனவோ, அப்படையினருக்கும் அவருடைய கலை சென்றது. பகையை நெஞ்சில் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில், கவிதைக் கூட்டம் ஒன்றிற்குச் சென்றுவிட்டு ஓரிரவு அவர் தனியே வீடு திரும்பினார். எண்பதை அடுத்த வயது. ஒரு மனிதன் இருட்டிலிருந்து வெளிப்பட்டு அவருடைய குடையைப் பறித்து, அதனாலேயே அவரைத் தாக்க ஓங்கினான். கிழவர் சட்டென்று குனிந்து அடியைத் தவிர்த்து, அவனை அசையவிடாதபடி இறுகப் பிடித்துக்கொண்டார். அப்பக்கம் வந்த காவலரிடம் அவன் ஒப்படைக்கப்பட்டான்.

நாமாயிருந்தால் இதனை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவோம். புனாகோஷியோ வெட்கமும் வருத்தமும் அடைந்தார். போரிலிருந்து திரும்பி வேலையும் உணவுமின்றி வாடிய யாரோ ஒருவன் பசியால் தவறு செய்திருக்கலாம். தாம் கையைப் பயன்படுத்தாமலே விலகியிருக்கலாகாதா என்று எண்ணி வருந்தினார். இளமையில் பணியாரத்தைக் கொடுத்துவிட்டு நடந்த அன்றைய நிலையிலிருந்து தாம் சறுக்கிவிட்டதாகவே அவருக்குத் தோன்றிற்று. எழுபது ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகும் தம்மிடம் குறை காணும் உள்ளம் அவருக்கு இருந்தது. அதனால்தான் அவர் இறுதிவரை மாணவராகவே இருந்தார்.

1956-இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். வெற்றி தோல்வியைக் கருதிப் போட்டியிடுவதை அவர் விரும்பியதில்லை. அவர் மறைந்த சில திங்களுக்குப் பின்னரே, அவர் மதிப்புறு தலைவராக விளங்கிய சங்கம் தன் முதல் தேசியப் போட்டியை நடத்திற்று. 1968-இல் காமாக்குரா நகரின் எங்காக்குஜி புத்தக் கோவிலில் அவருக்கு நினைவுக்கல் நிறுவப்பட்டது. கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை என்னும் அவருடைய கொள்கையே அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

நாம் கற்க வேண்டியது

நம் மலேசியாவில் கராத்தே பரவப் பெரிதும் காரணமாயிருந்தவர் பேராக்கைச் சேர்ந்த சியூ சூ சூட் என்பவர். அவர் 1966-இல் நிறுவிய புடோக்கான் அமைப்பு நாடெங்கும் கிளை விட்டது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்னும் வேறுபாடின்றி ஆண்களும் பெண்களும் அக்கலையைக் கற்றனர். தமிழ் இளைஞர் பலர் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் கராத்தேயில் நாட்டுக்குப் பதக்கம் வென்று தந்துள்ளனர்.

மூதாட்டியின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஜப்பான் காலத்தில் நம்மவர் பட்ட துன்பத்தை நாம் மறக்க வேண்டியதில்லை, மறத்தலும் கூடாது. ஆனால் கத்தி காய்கறி நறுக்கவும் பயன்படும், கழுத்தை அறுக்கவும் பயன்படும். எந்தக் கை எந்த உள்ளத்தோடு அதனைப் பிடிக்கிறது என்பதே கேள்வி. புனாகோஷி காட்டிய கராத்தே எவரையும் அடக்கியாள்வதற்காக வந்ததன்று; தன்னைத் தான் அடக்கியாள்வதற்காக வந்தது. நம் சிலம்ப ஆசான்களும் கம்பைக் கையில் கொடுக்குமுன் மண்ணைத் தொட்டு வணங்கச் சொல்வதன் பொருளும் அதுவே.

மாணவச் செல்வங்களே! உடல் மெலிந்தவர் என்று எவரையும் எள்ளாதீர்கள். உங்களையும் நீங்களே குறைத்து எண்ணாதீர்கள். ஒரு பாடம் வரவில்லையென்றால் மீண்டும் செய்யுங்கள். இரவு விளக்கொளியில் ஒரே கட்டாவைப் பல்லாயிரம் முறை செய்த அச்சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குச் செல்பவராயின், கற்றதைப் பள்ளியில் தம்பி தங்கையரிடம் காட்டாதீர்கள்.

பெற்றோர்களே! விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு நின்று, வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தோட்ட மக்களுக்கு ஒழுங்கையும் உழைப்பையும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வயதாகிவிட்டதே என்று நாம் கைவிட்ட கலைகள்தாம் எத்தனை! சிலம்பமோ, உறுமி மேளமோ, எழுத்தோ, எதுவாயினும் அதனை மீண்டும் கையில் எடுக்கலாம். 53 வயதில் புது ஊரில் துடைப்பத்தோடு தொடங்கியவரும், 79 வயதை நெருங்கும்போது சாம்பலிலிருந்து தொடங்கியவரும் ஒருவரே என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்பள்ளி ஆசிரியரின் பொறுமையும் விடாமுயற்சியும் நம் பிள்ளைகளிடம் வேரூன்றுக! அவர்களுடைய கைகள் வலிமை பெறுக. அவ்வலிமை எளியோரைக் காக்கவே எழுக!